கடல்புழுவுக்குத் தசை எங்கிருந்து வருகிறது?

கேள்வியைச் சுருக்கி முதலில் எழுதிவிடுகிறேன். மண்புழுவின் உடற்சுவரில் வெளிப்பக்கம் வட்டத்தசை, உட்பக்கம் நீள்தசை என்று பள்ளியில் படித்தோம். கடலில் வாழும், பக்கவாட்டில் முட்கள் கொண்ட பாலிகீட் புழுக்களுக்கும் அதே அமைப்புதானா? கருவில் எந்தத் தசை முதலில் வருகிறது, எந்தச் செல்லிலிருந்து வருகிறது? உடலின் ஒவ்வொரு கண்டமும், அதாவது வளையம் வளையமான ஒவ்வொரு துண்டும், தன் தசையைத் தானே உருவாக்கிக்கொள்கிறதா? லார்வாவில் இதை நேரில் பார்க்க வழியுண்டா?

பதிலைத் தொடங்கும் முன் அந்தப் பள்ளிப் படத்தைச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். மண்புழுவுக்கு அது முழுக்கச் சரி. மண்புழுவும் பாலிகீட்களும் அடங்கிய வளைதசைப் புழுக்கள் எல்லாவற்றுக்கும் அதுவே அடிப்படை என்று எடுத்துக்கொண்டதில்தான் குழப்பம் தொடங்கியது. புழுவின் உடற்குழியில் இருக்கும் திரவம் அமுங்காது. தண்ணீர் நிரப்பிய பலூனை நடுவில் பிடித்து இறுக்கினால் அது நீளவாக்கில் பிதுங்கும். வட்டத்தசை சுருங்கும்போது புழுவின் உடலும் அப்படித்தான் மெலிந்து நீள்கிறது. பிறகு நீள்தசை சுருங்க, உடல் குட்டையாகித் தடிக்கிறது. இந்த இரண்டும் மாறி மாறி அலையாகப் போனால் புழு மண்ணைத் துளைத்துக்கொண்டு முன்னேறும். கடற்கரை மணலில் வளை தோண்டி வாழும் அரினிகோலா இந்த முறையில்தான் இயங்குகிறது. கேப்பிட்டெல்லா என்ற இன்னொரு பாலிகீட்டிலும் வட்டத்தசை நன்றாகவே வளர்ந்திருக்கிறது.

ஆனால் நெஃப்டிஸ் என்ற புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் மணலைத் துளைத்துப் போவதுதான், நன்றாக நீந்தவும் செய்யும். அதன் உடற்சுவரில் வட்டத்தசையே கிடையாது. முதுகுப் பக்கம் இரண்டு, வயிற்றுப் பக்கம் இரண்டு என நான்கு தடித்த நீள்தசைக் கற்றைகள், குறுக்காகவும் சாய்வாகவும் ஓடும் தசைகள், பக்கக்கால்களை அசைக்கும் தசைகள், இவ்வளவுதான். இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறிச் சுருங்க, உடல் பாம்புபோல் வளைந்து போகிறது. 2000க்குப் பிறகு பல பாலிகீட் குடும்பங்களைக் கன்ஃபோகல் நுண்ணோக்கியில் பார்த்தபோது, நெஃப்டிஸ் ஒரு விதிவிலக்கு இல்லை என்பது தெரியவந்தது. வட்டத்தசை அறவே இல்லாதவையும், மெல்லிய சில இழைகளாக மட்டும் இருப்பவையும் நிறைய. நான்கு நீள்தசைக் கற்றைகளோ ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கின்றன. வட்டத்தசை அடுக்கு முழுமையாக வளர்ந்திருப்பது வளை தோண்டி வாழும் வாழ்க்கைக்கு உரிய சிறப்பு அமைப்பு, நீள்தசையே அடித்தளம் என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். கருவளர்ச்சியைப் பார்த்தால் அந்த எண்ணம் இன்னும் உறுதிப்படுகிறது.

கருவளர்ச்சிக்கு நான் பிளாட்டினெரிஸ் டுமெரிலி என்ற பாலிகீட்டை எடுத்துக்கொள்கிறேன். கடல்புழுக்களில் இதைப் போல நுணுக்கமாக ஆராயப்பட்டது வேறில்லை. முட்டையின் விட்டம் சுமார் 160 மைக்ரோமீட்டர். ஒரே இரவில் இடப்படும் முட்டைகள் எல்லாம் ஒரே வேகத்தில் வளரும், லார்வா கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். 18 டிகிரி செல்சியஸில் வைத்தால் எந்த மணி நேரத்தில் எது நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

கருவுற்ற முட்டை சுருள் பிளவு முறையில் பிரிகிறது. முதல் இரண்டு பிளவில் ஏ, பி, சி, டி என்று நான்கு செல்கள். இவை ஒவ்வொன்றும் மேல்பக்கமாகச் சிறு செல்களை வரிசையாகக் கழற்றிவிடுகின்றன. டி செல்லின் வழியில் நான்காவதாகக் கழன்று வரும் சிறு செல்லுக்கு 4டி என்று பெயர். உடல் தசையின் பெரும்பகுதிக்கு மூதாதை இந்த ஒரு செல்தான். நீரிஸ் புழுவின் முட்டையில் ஒவ்வொரு செல்லும் எங்கே போய்ச் சேர்கிறது என்று பின்தொடர்ந்து, அந்த வம்சாவளியை 1892ல் வெளியிட்டவர் அமெரிக்க உயிரியலாளர் எட்மண்ட் பீச்சர் வில்சன். சாயமிடப்பட்ட செல்களைக் கணினித் திரையில் பின்தொடரும் வசதி இல்லாத காலத்தில், கண்ணாலும் கையாலும் வரைந்து செய்த வேலை அது. கடல்புழுக் கருவியலில் இன்றும் அவர் காட்டிய வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.

4டி செல் முதலில் இடம், வலம் என்று சரிபாதியாகப் பிரிகிறது. அந்த இரண்டும் பிறகு சமமின்றிப் பிரிந்து, தம்மைப் பெரிதாக வைத்துக்கொண்டே சிறு மகள் செல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிவிடுகின்றன. இப்படி உடலின் இரு பக்கமும் இரண்டு நடுப்படைப் பட்டைகள் உருவாகின்றன. நடுப்படை என்பது கருவில் தோலுக்கும் குடலுக்கும் இடையிலுள்ள செல் அடுக்கு. பட்டைகள் பிறகு துண்டுதுண்டாகப் பிரிந்து, நடுவில் குழி விழுந்து, கண்டத்துக்கு ஒரு ஜோடி உடற்குழிப் பைகளாகின்றன. அந்தப் பைகளின் சுவரிலிருந்துதான் தசைச் செல்கள் பிறக்கின்றன. இனப்பெருக்கச் செல்களுக்கும், பிற்பாடு வால்பக்கம் புதுக் கண்டங்களை உண்டாக்கும் குருத்துச் செல்களுக்கும் தொடக்கம் இதே 4டி வம்சம்தான். தலையிலும் தொண்டையிலும் இருக்கும் தசைகளில் ஒரு பகுதி மட்டும், இதற்கு முன்னால் கழன்ற வேறு சிறு செல்களிலிருந்து வருகிறது.

இதைப் பொதுவிதி என்று நெடுநாள் நம்பினார்கள். 2010ல் கேப்பிட்டெல்லா டெலெட்டாவின் செல் வம்சாவளியை ஒவ்வொரு செல்லாகச் சாயம் ஏற்றிப் பார்த்தபோது, அந்தப் புழுவில் உடலின் நடுப்படைப் பட்டைகள் 3சி, 3டி என்ற இரண்டு செல்களிலிருந்து வருவது தெரிந்தது. 4டி அங்கே சில தசைச் செல்களையும் இனச்செல்களையும் மலவாய்ப் பகுதியையும் மட்டுமே தருகிறது. இரண்டிலும் இறுதியில் கிடைப்பது உடல்தசைதான், அதைத் தரும் மூதாதைச் செல் மட்டும் வேறு. எந்தச் செல் என்று கேட்டால் இனத்தின் பெயரையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

இனி காலவரிசை. 24 மணி நேரத்தில் பிளாட்டினெரிஸ் கரு ட்ரோகோஃபோர் லார்வா ஆகிவிடுகிறது. உருண்டையான உடல், இடுப்பைச் சுற்றிக் குறுஇழைகள் என்னும் அசையும் நுண்மயிர்களின் பட்டை. நீந்துவது முழுக்க அந்தக் குறுஇழைகளால்தான். வெளிச்சத்தை நோக்கித் திரும்புவதுகூட ஒரு பக்கக் குறுஇழைகளின் அடிப்பை மாற்றித்தான். உடலை வளைக்கத் தசை இன்னும் தேவைப்படவில்லை. இரண்டாம் நாளில் நீள்தசைகள் தென்படத் தொடங்குகின்றன. 48 மணி நேரத்தில் உடல் நீண்டு, முட்கள் வெளியே எட்டிப் பார்க்கின்றன. 72 மணி நேரத்தில் மூன்று கண்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடிப் பக்கக்கால், நான்கு நீள்தசைக் கற்றைகள், சாய்தசைகள் எல்லாம் இருக்கின்றன. இப்போது அதன் அருகில் தண்ணீரை லேசாக அதிரவைத்தால், குறுஇழைகள் சட்டென்று நிற்கும், பக்கக்கால்கள் மேலெழும்பும், முட்கள் விசிறிபோல் விரியும். மூன்று நாளில் தற்காப்புக்குத் தசை தயார்.

ஒரு தசைச் செல் உருவாவதை நெருங்கிப் பார்த்தால் இப்படி இருக்கும். நடுப்படைச் செல் ஒன்று முதலில் உருண்டையாக இருக்கிறது. ட்விஸ்ட் போன்ற நடுப்படை மரபணுக்களும், பிறகு மயோடி போன்ற தசை மரபணுக்களும் அதில் இயங்கத் தொடங்குகின்றன. செல் நீள்கிறது, இரு முனையும் கூராகிறது. முன்முனை முன்னால் உள்ள செல்லைத் தழுவுகிறது, பின்முனை பின்னால் உள்ளதைத் தழுவுகிறது. உள்ளே ஆக்டின் இழைகளும் மயோசின் இழைகளும் அடுக்கப்படுகின்றன. செல்லின் வெளிப்புறம் தோலடிச் சவ்வோடும் பக்கத்துச் செல்களோடும் டெஸ்மோசோம் வகைப் பிணைப்புகளால் இறுகப் பற்றிக்கொள்கிறது. கவனிக்க வேண்டியது, இந்தச் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரே செல்லாவதில்லை. நம் எலும்புத்தசையில் நூற்றுக்கணக்கான முன்னோடிச் செல்கள் கலந்து பல உட்கருக்கள் கொண்ட ஒரு நாராகின்றன. புழுவில் ஒரு நாருக்கு ஒரு உட்கருதான். ஆகவே புழுவின் நீள்தசைக் கற்றை என்பது ஒரே நீண்ட நார் அன்று. முனைகள் மேற்படிந்து பிணைந்த பல தனிச்செல்களின் தொடர் அது.

நாரின் உள்ளமைப்பும் நம்முடையதிலிருந்து வேறு. நம் வரித்தசையில் கோடுகள் நாருக்குச் செங்குத்தாக இருக்கும். புழுவின் உடல்தசையில் பக்கத்துப் பக்கத்து இழைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி அடுக்கப்பட்டிருப்பதால் கோடுகள் சாய்வாக ஓடுகின்றன. இப்படி அடுக்கிய நார் மிக அதிகமாக நீண்டும் மிக அதிகமாகச் சுருங்கியும் வேலை செய்ய வல்லது. எலும்பில்லாத, நீளம் ஓயாமல் மாறும் உடலுக்கு இது அவசியம்.

அடுத்து, கண்டம் பற்றிய கேள்வி. இதற்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் கிடையாது. நீள்தசைக் கற்றைகள் கண்ட எல்லைகளை மதிப்பதில்லை. அவை முன்னிருந்து பின்னாகத் தொடர்ந்து நீள்கின்றன. கண்டங்கள் பிரிந்த பிறகும் எல்லையைத் தாண்டி ஓடுகின்றன. சாய்தசைகளும் பக்கக்கால் தசைகளும் மட்டும் கண்டத்துக்குக் கண்டம் ஒரே வடிவில் திரும்பத் திரும்ப அமைகின்றன. கண்ட எல்லையை வகுப்பதில், செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞை பங்கெடுக்கிறது என்று 2010ல் பிளாட்டினெரிஸில் காட்டினார்கள். ஈயின் கண்டங்களிலும் அதே சமிக்ஞை வேலை செய்வதால் அந்த முடிவு பெரிதாகப் பேசப்பட்டது.

பக்கக்கால்தான் இந்த உடலின் மிகச் சிக்கலான பகுதி. அதன் உள்ளே அசிக்குலா என்னும் கைட்டின் கம்பிகள் இருக்கின்றன. காலுக்கு அவையே உள்ளெலும்பு. வெளியே தெரியும் முட்கள் விரிவதும் ஒடுங்குவதும், கால் முன்னே வருவதும் பின்னே போவதும், உள்ளே இழுபடுவதும் எல்லாம் இந்தக் கம்பிகளின் அடிப்பகுதியில் பல திசைகளிலிருந்து வந்து சேரும் தசைகளால்தான். மூன்று நாள் லார்வா ஒன்றை மிக மெல்லிய சீவல்களாக்கி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்து, உடலின் எல்லாத் தசைச் செல்களையும் ஒவ்வொன்றாக வரைந்தார்கள். 2022ல் வெளியான அந்த ஆய்வின் கணக்கு 853 தசைச் செல்கள். எந்தத் தசை எதைப் பற்றியிருக்கிறது என்ற பிணைப்பு வரைபடத்தையும் சேர்த்தே போட்டார்கள். தோல் செல்கள், குறுஇழைச் செல்கள், முட்களை உண்டாக்கும் செல்கள் எல்லாம் சேர்ந்து 2000க்கு மேற்பட்ட செல்களின் வலை அது. அந்த வலையில் மிக அதிகமான பிணைப்புகள் குவியும் இடங்களில் ஒன்று அசிக்குலா. கண்ணுக்கு ஒரு புள்ளியாகத் தெரியும் உயிரியின் காலில் இவ்வளவு நுட்பம் மூன்றே நாளில் கட்டப்படுகிறது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

வயிற்றுப்பக்க நடுக்கோட்டில் ஓடும் ஒரு நீள்தசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் ஹைடெல்பர்க் நகரில் டெட்லெவ் ஆரெண்ட் தலைமையிலான குழு 2014ல் இதற்கு ஆக்சோகார்டு என்று பெயர் வைத்தது. இரு பக்கத்து நடுப்படைச் செல்கள் நடுக்கோட்டை நோக்கி நகர்ந்து, ஒன்றினூடே ஒன்று நுழைந்து, நீளவாக்கில் நீண்டு இந்தத் தசையாகின்றன. முதுகெலும்பிகளின் கருவில் முதுகுநாண் உருவாகும் விதமும் இதற்கு நெருக்கமானது, இரண்டிலும் இயங்கும் மரபணுக்களிலும் பல பொதுவானவை. இதைக் கொண்டு, முதுகுநாணின் மூலம் இப்படியொரு நடுக்கோட்டுத் தசையாக இருக்கலாம் என்று அவர்கள் முன்வைத்தார்கள். இதை ஏற்காதவர்களும் உண்டு. தனித்தனியாகத் தோன்றிய ஒற்றுமையாகவும் இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். தசை இருப்பதும் அது உருவாகும் விதமும் தெளிவாகக் காட்டப்பட்டவை. அதன் வழியே முதுகுநாணின் வரலாற்றைச் சொல்வதில்தான் கருத்து வேறுபாடு.

குடலின் கதை தனி. 2016ல் அதே ஹைடெல்பர்க் குழு வெளியிட்ட ஆய்வின்படி, பிளாட்டினெரிஸின் உடல்தசையும் தொண்டைத்தசையும் வரித்தசை, நடுக்குடலையும் பின்குடலையும் சூழ்ந்தது மென்தசை. உடல்தசைக்குப் பிறகுதான் குடல்தசை முதிர்கிறது. வரித்தசையில் ட்ரோபோனின் புரதங்களும் மயோடியும். மென்தசையில் அவற்றுக்குப் பதில் வேறு மயோசின், கால்போனின் என்னும் புரதம், கேட்டா வகை மரபணு, ஃபாக்ஸ்எஃப் மரபணு. நம் குடல்தசையிலும் இதே கூட்டம்தான். இயங்கும் விதத்திலும் ஒற்றுமை உண்டு. உடல்தசை நரம்பு சொன்னவுடன் வேகமாகச் சுருங்கும். குடல்தசை மெதுவாக, நரம்பின் சமிக்ஞையைத் தடுத்த பிறகும் தானாகவே அலையலையாகச் சுருங்கிக்கொண்டிருக்கும். புழுவும் நாமும் பொது மூதாதையிடமிருந்து பிரிவதற்கு முன்பே இந்த இருவகைத் தசையும் இருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

லார்வா தரையிறங்கித் தின்னத் தொடங்கிய பிறகும் தசை உருவாவது நிற்பதில்லை. முதல் மூன்று கண்டங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தவை. நான்காவதிலிருந்து ஒவ்வொன்றாக, வாலுக்குச் சற்று முன்னால் இருக்கும் வளர்மண்டலத்திலிருந்து வரும். வாலை வெட்டினால் புண் மூடி, வெட்டுவாயில் முகிழ் தோன்றி, 5 நாள் வாக்கில் புதுக் கண்டங்கள் பிரிந்து தெரியும். தலையை வெட்டினால் இந்தப் புழுவுக்குத் தலை திரும்ப முளைக்காது.

வாழ்நாளின் கடைசியில் இன்னொரு பெரிய மாற்றம் நடக்கிறது. குழாய்க்குள் பதுங்கி ஊர்ந்து வாழ்ந்த புழு, இனப்பெருக்கத்துக்காகக் கடல்மட்டத்துக்கு வந்து வேகமாக நீந்த வேண்டும். அதற்குப் பழைய தசை போதாது. ஆகவே பழைய தசைநார்கள் பகுதி பகுதியாகச் சிதைகின்றன, சிதைந்த பொருளை உடற்குழியில் மிதக்கும் செல்கள் விழுங்குகின்றன, மைட்டோகாண்ட்ரியா நிறைந்த, களைக்காமல் நீந்தத் தக்க நார்கள் அமைகின்றன. பக்கக்கால்கள் துடுப்பாக அகல்கின்றன, கண்கள் பெரிதாகின்றன, குடல் சுருங்கிப் பயனற்றுப் போகிறது. இந்த மாற்றத்தை அதுவரை தடுத்து வைத்திருப்பது மூளையிலிருந்து வரும் ஒரு ஹார்மோன். பூச்சிகளின் இளமை ஹார்மோனுக்கு உறவான மெத்தில் ஃபார்னெசோயேட்தான் அது என்று 2016ல் அடையாளம் கண்டார்கள். அது குறைந்ததும் உடல் மாறத் தொடங்கும். முட்டையும் விந்தும் வெளியிட்ட பின் புழு இறந்துவிடும். சில மணி நேரப் பயன்பாட்டுக்காகத் தசையைக் கலைத்துத் திரும்பக் கட்டுகிறது இந்த உடல்.

மற்றக் கடல்புழுக்களைப் பற்றிச் சுருக்கமாக. கண்டமே இல்லாத சிபன்குலா புழுக்கள் மரபணு ஆய்வில் வளைதசைப் புழுக்களின் குடும்பத்துக்குள்ளேயே வந்து விழுகின்றன. அவற்றின் லார்வாவில் எடுப்பாகத் தெரிவது, முன்னுடலை உள்ளே இழுத்துக்கொள்ளும் வலுவான இழுதசைகள். நாடாப்புழு போன்ற வடிவுள்ள நெமெர்ட்டியாவில் பிலிடியம் என்றொரு லார்வா உண்டு. அதற்குத் தனித் தசை. அதன் உடலுக்குள் தட்டுத்தட்டான செல்கூட்டங்கள் கூடி, குட்டிப்புழு தனக்கென்று வேறு தசையோடு உருவாகி வெளிவரும்போது லார்வாவின் உடலையே தின்றுவிடும். ஏசீல் என்னும் எளிய உடலமைப்புள்ள புழுக்களில் வரிசையே தலைகீழ். கான்வொலூட்டா பல்க்ராவின் கருவில் முதலில் தோன்றுவது வட்டத்தசை, அதோடு பிறகுதான் நீள்தசை வந்து கட்டம் கட்டமான வலையாகிறது. ஆகவே நீள்தசை முதலில் என்று நான் சொன்னதைப் பாலிகீட்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவற்றிலும் இனத்துக்கு இனம் சிறு வேறுபாடு உண்டு. இன்னொரு ஏசீலான ஹோஃப்ஸ்டீனியா மயாமியாவில் தசைச் செல்கள் சுருங்குவதோடு நிற்பதில்லை. உடலின் எந்த இடம் முன், எந்த இடம் பின் என்ற தகவலைத் தரும் மரபணுக்கள் தசையில்தான் இயங்குகின்றன, வெட்டுண்ட துண்டு எதை முளைக்கவைக்க வேண்டும் என்பதும் அங்கிருந்தே தீர்மானமாகிறது.

கடைசியாக, நேரில் பார்ப்பது. சாயமே இல்லாமல் பார்க்கவும் முடியும். ஒழுங்காக அடுக்கிய தசையிழை ஒளியை இரட்டை விலகல் செய்யும். சாதாரண நுண்ணோக்கியில் ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடும் முனைவாக்கத் தகடுகள் இரண்டை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து, அவற்றுக்கு நடுவே உயிருள்ள லார்வாவை வைத்தால், இருண்ட பின்னணியில் நீள்தசைகள் பளிச்சென்று தெரியும். முட்களும் ஒளிரும், அவற்றைத் தசை என்று எண்ணிவிடாதீர்கள். ஸ்லைடை மெல்லச் சுழற்றிப் பாருங்கள். முனைவாக்கத் திசைக்கு 45 டிகிரி சாய்வில் கிடக்கும் நார்தான் மிகப் பிரகாசமாக இருக்கும்.

நுணுக்கமாக வேண்டுமென்றால் ஃபலாய்டின்தான். மரணத் தொப்பி என்ற நச்சுக்காளானிலிருந்து கிடைத்த பொருள் அது. இழையாகக் கோத்த ஆக்டினை மட்டுமே பற்றும், ஒற்றை ஆக்டின் மூலக்கூறைப் பற்றாது. ஒளிரும் சாயத்தோடு இணைத்துப் போட்டால் தசை முழுதும் ஒளிரும். லார்வாவைப் பதப்படுத்தும் முன் கடல்நீருக்குச் சமமான செறிவுள்ள மெக்னீசியம் குளோரைடு கரைசலில், ஏறக்குறைய 7.5 சதவீதம், சில நிமிடம் வைத்து மயக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஃபார்மால்டிஹைடு பட்டதும் சுருண்டு பந்தாகிவிடும், எந்தக் கற்றை எங்கே ஓடுகிறது என்று பிரித்தறிய முடியாது. பதப்படுத்திய பிறகு மெத்தனாலில் மட்டும் போட்டு வைக்க வேண்டாம். அது ஆக்டின் இழையின் வடிவத்தைக் கெடுத்துவிடும், அதன் பிறகு ஃபலாய்டின் ஒட்டாது. உப்புத் தாங்கல் கரைசலில் குளிரில் வைத்து, கூடிய சீக்கிரம் சாயமேற்றிப் பார்த்துவிடுவதே நல்லது. முதலில் 48 மணி நேர லார்வாவையும் 72 மணி நேர லார்வாவையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நீள்தசைக் கற்றைகள் இரண்டிலும் இருக்கும். பக்கக்கால்களின் தசை வலை எவ்வளவு அடர்ந்திருக்கிறது என்பதில்தான் அந்த ஒரு நாளின் வேறுபாடு தெரியும்.